பின்புற புரொஜெக்‌ஷன் டிவி மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்து இறக்கிய 43, 50, 61 அங்குல புரொஜெக்‌ஷன் டிவிகள் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. ஓடாதவை துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. இந்த வகை டிவியைக் கைவிடுவதாக 2007 டிசம்பரில் சோனி அறிவித்தது. கடைசிவரை செய்துகொண்டிருந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் பழைய ஸ்டாக், வேறு டிவியில் கழற்றிய பாகம், அல்லது மாற்றுத் தயாரிப்பு. ஆகவே பழுதைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்தப் பழுதுக்குக் காசு போடலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது மீதிப் பாதி.

முதலில் உங்கள் டிவி எந்த வகை?

கீழ்ப் பெட்டி ஆழமாக, ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாக இருந்து, உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பெரிய லென்ஸ் தெரிந்தால் அது டியூப் வகை. 7 அங்குல பிக்சர் டியூப் மூன்று, மேலே ஒரு கண்ணாடி, முன்னால் திரை. அவ்வளவுதான். பெட்டி ஒல்லியாக இருந்து, பக்கத்திலோ பின்னாலோ பல்பு மாற்றச் சிறு கதவு இருந்தால் பல்பு வகை. அதற்குள் எல்.சி.டி., டி.எல்.பி. என்று இரண்டு ஜாதி உண்டு. இரண்டு வகைக்கும் வரும் நோய் வேறு, மருந்தும் வேறு. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் எந்த வகை என்று குறித்திருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

டியூப் வகையில் சுமார் 30,000 வோல்ட் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கும். டியூபுக்குப் போகும் தடித்த சிவப்பு வயர், அது புறப்படும் பிளாக், ஃப்ளைபேக் (அந்த வோல்ட்டை உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இந்த மூன்றின் பக்கமே வீட்டுக்காரர் கை போகக் கூடாது. பவர் சப்ளை போர்டில் உள்ள பெரிய கண்டன்சரும் கொஞ்ச நேரம் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பல்பு வகையில் ஆபத்து சூடும் கண்ணாடியும். அணைத்து ஒரு மணி நேரம் ஆகாமல் பல்புக் கதவைத் திறக்காதீர்கள். எரியும் பல்பை நேராகப் பார்க்கவும் கூடாது.

## அறிகுறி: நிறங்கள் பிரிந்து, எழுத்துக்கு மூன்று நிழல் விழுகிறது (டியூப் வகை)

புரொஜெக்‌ஷன் டிவி என்றாலே மெக்கானிக்கிடம் அதிகம் வருவது இந்தப் புகார்தான். நல்ல செய்தி என்னவென்றால், இது பெரும்பாலும் சரியாகிவிடும், பெரிய செலவும் இல்லை.

முதலில் டிவியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். குளிர்ந்த டிவியில் நிறம் கொஞ்சம் விலகித்தான் இருக்கும். ஆனி, ஆடி மழையில் மூன்று நாள் போடாமல் வைத்திருந்து போட்டால் இன்னும் அதிகம். சூடாவதற்கு முன் அட்ஜஸ்ட் செய்தால், சூடான பிறகு மறுபக்கம் விலகும்.

மூன்று நிறத்தையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைப்பதற்குக் கன்வர்ஜென்ஸ் என்று பெயர். பிறகு மெனுவில் அந்தக் கன்வர்ஜென்ஸ் கட்டத்தை வரவழையுங்கள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு வரும். இனி கிளை பிரிகிறது.

### கோடுகள் நேராக இருக்கின்றன, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை

இது வெறும் அட்ஜஸ்ட்மென்ட். டிவியை நகர்த்தினாலோ, அறையில் திசை மாற்றி வைத்தாலோகூட இப்படி விலகும். பச்சைதான் அடிப்படை. சிவப்பையும் நீலத்தையும் பச்சை மேல் கொண்டுவந்து உட்கார வையுங்கள். தானாகச் சரிசெய்யும் பட்டன் உள்ள மாடல்களில், சோனியில் ஃபிளாஷ் ஃபோகஸ் என்று இருக்கும், அதை அழுத்தினால் போதும். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். திரையின் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் சென்சார்கள் வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. பட்டனை அழுத்தியும் பிழை காட்டினால் சென்சார் மேல் தூசி, பல்லி எச்சம், சிலந்தி வலை இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குமேல் எங்கே தேடுவது என்று யோசிக்கும் முன் அதைத் துடையுங்கள்.

### கோடுகள் வில்லாக வளைகின்றன, ஒரு நிறம் ஓரத்தில் சுருண்டு ஓடுகிறது

வாழையிலை நடு நரம்பு மாதிரி நீலக் கோடு ஒன்று மேல் ஓரத்திலிருந்து வளைந்து இறங்குகிறது, எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் அந்த நிறம் மட்டும் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது என்றால், கன்வர்ஜென்ஸ் ஐ.சி. போய்விட்டது. எஸ்.டி.கே. 392 என்று தொடங்கும் எண்ணுள்ள, 18 கால் உள்ள, ஹீட் சிங்க்கில் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) முறுக்கிய கறுப்பு ஐ.சி. இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று சானல். மூன்று நிறத்துக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஆறு வேலை. சூடு தாங்காமல் ஒரு சானல் போனால் ஒரு நிறத்தின் ஒரு திசை மட்டும் கெடும். நிற்கும் கோடு வளைந்தால் குறுக்குச் சானல், படுத்த கோடு வளைந்தால் நெடுக்குச் சானல்.

எளியதிலிருந்து ஆரம்பியுங்கள்.

1. அந்த நிற டியூபின் கழுத்தில் உள்ள கன்வர்ஜென்ஸ் யோக்கின் (கம்பிச் சுருள்) பிளக் தளர்ந்திருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? பிளக்கைக் கழற்றி மூன்று யோக்கின் ஓம்ஸையும் அளந்து ஒப்பிடுங்கள். சில ஓம்ஸ்தான் காட்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

2. ஐ.சி.யின் கால்களில் ட்ரை சோல்டர், அதாவது விட்டுப்போன பற்றவைப்பு. காலைச் சுற்றி மயிரிழை மாதிரி வளையம் விழுந்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மறுபடி பற்றவைத்தால் சில டிவி அப்போதே நேராகிவிடும்.

3. கன்வர்ஜென்ஸ் சப்ளைக்குப் போகும் சிறு ஃப்யூஸ். சில மாடலில் ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும், பார்த்தவுடன் ஃப்யூஸ் என்று தெரியாது. ஆறு சானலும் ஒரேயடியாகப் போய்ப் படம் முழுக்கக் கசங்கியிருந்தால் இதைத்தான் முதலில் அளக்க வேண்டும். அது போயிருந்தால் மாற்றி மட்டும் விடாதீர்கள். காரணம் பெரும்பாலும் ஷார்ட்டான ஐ.சி.

4. ஐ.சி.யைச் சுற்றி உள்ள சிறு மதிப்பு ரெசிஸ்டர்கள். 1 வாட், 2 வாட் அளவில், சில ஓம்ஸ் மட்டுமே இருக்கும். ஐ.சி. ஷார்ட்டாகும்போது இவையும் கூடவே எரியும், அல்லது மதிப்பு ஏறிவிடும். ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரில் இரண்டு வயரையும் ஒட்டினாலே 0.3 ஓம்ஸ் காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 3.3 ஓம்ஸ் ரெசிஸ்டரில் அந்த 0.3 சின்ன விஷயம் இல்லை.

5. ஐ.சி. ஓடும்போது ஒவ்வொரு சானலின் அவுட்புட் காலிலும் டி.சி. வோல்ட் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஒன்று மட்டும் சப்ளை வோல்ட் அளவுக்கு ஏறி நின்றால் அந்தச் சானல் செத்தது. இதைச் செய்ய டிவி ஓட வேண்டும், உள்ளே 30,000 வோல்ட் இருக்கிறது. பழக்கம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாற்றும்போது இரண்டு ஐ.சி.யையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயசு, ஒரே சூடு, ஒன்று போனால் இன்னொன்றும் கியூவில் நிற்கிறது. பழைய ஐ.சி. மேல் அச்சடித்த எண்ணையே எழுதிக்கொண்டு போங்கள். 392-110 இருந்த இடத்தில் 392-040 பொருந்துவதுபோல் தெரிந்தாலும் தாங்கும் வோல்ட்டும் கரண்ட்டும் வேறு. மேலெண்ணுக்குப் போகலாமா என்பது உங்கள் மாடலின் சர்க்கிட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

போலி ஐ.சி. இங்கே பெரிய தொல்லை. எழுத்து விரலால் தேய்த்தால் மங்குகிறதா, பின்தட்டு மெலிந்து நெளிந்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் நாகர்கோவிலில் வாங்கினாலும் இந்தச் சோதனை ஒன்றுதான். போலி போட்டால் ஒரு வாரம் நேராக ஓடிவிட்டுத் திரும்ப வளையும். அப்போது எல்லோரும் மெக்கானிக்கைத்தான் திட்டுவார்கள்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். பழைய ஹீட் சிங்க் பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடையுங்கள். புது பேஸ்ட்டை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். தோசைக்கு நெய் விடுகிற மாதிரி ஊற்றினால் சூடு இறங்காது. முதலில் ஐ.சி.யை ஹீட் சிங்க்கில் திருகி இறுக்கிவிட்டு, அப்புறம்தான் கால்களைப் பற்றவைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் திருகு இறுகும்போது கால்கள் இழுபட்டு, ஆறு மாதத்தில் அதே ட்ரை சோல்டர் திரும்பி வரும். 36 காலையும் எடுக்க டீசால்டரிங் விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வேண்டும். ஈயத்தை உறிஞ்சாமல் இழுத்தால் போர்டின் செம்புத் தடம் உரிந்துவிடும். உரிந்த தடத்துக்கு வயர் பாலம் போட்டே ஆக வேண்டும்.

சர்வீஸ் மெனுவுக்குள் (மெக்கானிக்குக்கான மறைவு மெனு) போகிறவர் எதையும் மாற்றும் முன் இருக்கிற எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போனில் படம் எடுங்கள். ஐ.சி. செத்திருக்கும்போதே கட்டத்தை இழுத்து நேராக்கிச் சேமித்துவிட்டால், புது ஐ.சி. போட்ட பிறகு அந்த இழுப்பெல்லாம் எதிர்த்திசையில் கோணலாகும். பழுதான டிவியில் அட்ஜஸ்ட் செய்து சேமிப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பொதுவான தவறு.

மெக்கானிக்கைக் கூப்பிடும் இடம்: யோக் பிளக், சென்சார், மெனு மூன்றும் பார்த்தாகிவிட்டது, கோடு இன்னும் வில்லாகத்தான் நிற்கிறது. அத்தோடு நிறுத்துங்கள்.

## அறிகுறி: படம் பனிமூட்டமாக, பால் கலந்த மாதிரி இருக்கிறது (டியூப் வகை)

டிவியை அணைத்து, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்றையும் ஒப்பிட்டால் காரணம் கண்ணுக்கே தெரியும்.

மூன்று லென்ஸ் மேலும் மாவு தூவின மாதிரி படலம் இருந்தால் தூசி. வாயால் ஊதாதீர்கள், எச்சில் புள்ளி விழும். ரப்பர் ப்ளோவரால் ஊதி, மைக்ரோஃபைபர் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றித் துடையுங்கள். மேலே உள்ள பெரிய கண்ணாடி நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அல்ல. ரசம் முன்பக்கத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு விரலை அருகில் கொண்டுபோனால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளியே தெரியாது. இதைத் துணியால் அழுத்தித் துடைத்தால் ரசம் கீறிவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, மருந்துக்கடைப் பஞ்சை நனைத்து, பஞ்சின் எடை மட்டும் படும்படி ஒரே திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு.

ஒரு லென்ஸுக்குள் மட்டும் பஞ்சு மிதக்கிற மாதிரியோ, சிலந்தி நூல் மாதிரியோ தெரிந்தால் கூலன்ட் கெட்டுவிட்டது. டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவில் கிளைக்கால் வகைத் திரவம் நிரப்பியிருப்பார்கள். சூட்டை இறக்குவதும், ஒளி சிதறாமல் பார்ப்பதும் அதன் வேலை. அதில் பூஞ்சை பிடித்தால் அந்த நிறம் மட்டும் ஒளிவட்டம் கட்டும். இரவுக் காட்சியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி நீலமோ சிவப்போ புகையும். ஈரம் குறையாத நம் பகுதியில் இதைப் பார்ப்பது சகஜம். மாற்றலாம். ஆனால் டியூபைக் கழற்றி, சீல் திறந்து, கழுவி, குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். ரேடியேட்டர் கூலன்ட் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதில் சாயம் இருக்கிறது, படம் முழுக்க அந்தச் சாயம் ஏறும். தண்ணீரும் வேண்டாம்.

லென்ஸுக்குக் கீழே பிசுபிசுப்பான கறை வழிந்திருந்தால் கூலன்ட் கசிகிறது. இதுதான் இந்தப் பிரிவில் அவசரமானது. அந்தத் திரவம் கீழே உள்ள போர்டில் சொட்டினால் தடங்களுக்கு நடுவே கரண்ட் பாய்ந்து போர்டு கருகும். இதைக் கண்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ‘ஒரு படம் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்’ என்றால் நாளைக்கு இரட்டைச் செலவு.

லென்ஸெல்லாம் பளிச்சென்று இருந்தும் படம் கூர்மையாக இல்லை என்றால் ஃபோகஸ் பிளாக்கைச் சந்தேகியுங்கள். அதில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி குமிழ் உண்டு. ஈரத்தில் அந்த பிளாக் கசியத் தொடங்கும். போட்டவுடன் மங்கலாக இருந்து, ஒரு மணி நேரத்தில் தானே தெளிந்தால் பழி பிளாக் மேல்தான். பிளாக்கையே மாற்ற வேண்டும்.

திரையில் நகரும் கறுப்புப் புள்ளிகளா? எறும்பு. முன்திரை ஒன்றல்ல, இரண்டு ஷீட். உள்ளே வட்ட வட்டமாக வரி ஓடும் ஃபிரெனல், வெளியே நெடுக வரி ஓடும் லென்டிகுலர். வெதுவெதுப்பாக இருப்பதால் நடுவில் எறும்பு குடியேறும். விரலால் நசுக்காதீர்கள். செத்த எறும்பு அங்கேயே ஒட்டிக்கொண்டால் அந்தப் புள்ளி நிரந்தரம். டிவியை இரண்டு நாள் போடாமல் விட்டு, கால்களைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு போட்டால் பெரும்பாலும் வெளியேறிவிடும். திரையைத் துடைக்க ஈரத் துணியால் மேலிருந்து கீழே மட்டும், வரி ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரே வேண்டாம், அது பிளாஸ்டிக்கை வெளுக்கும்.

## அறிகுறி: ஒரு நிறம் அடியோடு காணோம், அல்லது ஒரே நிறம் திரையை நிறைக்கிறது (டியூப் வகை)

அறை விளக்கை அணைத்து, பின்பக்கக் காற்றுத்துளை வழியாக டியூபின் கழுத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னக் கங்கு தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று எரியவில்லை என்றால் கழுத்து போர்டில் ட்ரை சோல்டர், இல்லையென்றால் டியூபின் ஹீட்டரே போய்விட்டது. முதலாவது அரை மணி நேர வேலை. இரண்டாவதற்கு டியூப் கிடைப்பதே அரிது.

கங்கு எரிகிறது, நிறம் மட்டும் இல்லை என்றால் வீடியோ கேபிளை முதலில் சந்தேகியுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து காம்போனன்ட் கேபிளில் வந்தால் சிவப்பு, பச்சை, நீல முனையில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கும். மஞ்சள் முனை வழியாகப் போட்டுப் பார்த்தால் நிறம் திரும்பி வருகிறதா என்று தெரிந்துவிடும். டிவியின் சொந்த மெனுவிலும் அந்த நிறம் இல்லை என்றால்தான் பழுது டிவிக்குள்.

ஒரே நிறம் திரை முழுக்கப் பளீரென்று அடித்து, மெல்லிய சாய்கோடுகளும் ஓடினால் உடனே அணையுங்கள். அந்த டியூப் முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கிறது, பாஸ்பர் (டியூபின் உள்ளே ஒளிரும் பூச்சு) கருகிவிடும். இதற்கு வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது.

## அறிகுறி: டக்... டக்... என்று சத்தம், ஒருவித காரமான வாடை (டியூப் வகை)

மழைக்காலத்தில் சாயங்காலம் போடும்போது வரும். 30,000 வோல்ட் எங்கோ தரைக்குப் பாய்கிறது. ஈரம் படிந்த தூசிதான் எளிய காரணம், விரிசல் விட்ட பிளாக் அல்லது ஃப்ளைபேக் செலவான காரணம். டிவியை அணைத்து இரண்டு நாள் காற்றோட்டமாக விடுங்கள், சத்தம் நிற்கலாம். நின்றாலும் மெக்கானிக் திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். நிற்காவிட்டால் போடவே கூடாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இந்தப் பழுது சீக்கிரம் வரும். டிவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், மழைக்காலத்தில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஓடவிடுவதும் மலிவான காப்பு.

## அறிகுறி: சத்தம் வருகிறது, படம் இருட்டு (பல்பு வகை)

பல்பு என்றதும் எல்லோரும் பல்பு வாங்க ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

* முன்பக்கம் பல்பு அடையாளத்தோடு சிறு விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா? எத்தனை தடவை மினுக்கி நிற்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணுக்கான அர்த்தம் உங்கள் மாடலின் புத்தகத்தில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.
* பல்புக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறதா? கதவு சரியாக உட்காராவிட்டால் ஒரு சிறு சுவிட்ச் பல்புக்கு கரண்ட் விடாது. பல்பு மாற்றிய மறுநாள் ‘புதுப் பல்பும் எரியல’ என்று வரும் புகாருக்கு முதல் காரணம் இந்தக் கதவு.
* போட்டவுடன் காது கொடுத்துக் கேளுங்கள். சிறு ‘டிக்’ சத்தம் இரண்டு மூன்று தடவை வந்து நிற்கிறது என்றால் பேலஸ்ட் (பல்பைப் பற்றவைத்து ஓட்டும் போர்டு) பற்றவைக்க முயல்கிறது, பல்பு ஏற்கவில்லை. பல்பு போய்விட்டது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் பேலஸ்ட் அல்லது அதற்கு வரும் சப்ளை.
* பல்பைக் கழற்றிப் பார்த்தால் கண்ணாடி பால்வெள்ளையாக மங்கியிருக்கும், அல்லது நடுக்குமிழ் உப்பியிருக்கும்.

பல்பு 100 முதல் 180 வாட் வரை. உள்ளே பாதரச ஆவி ஏறக்குறைய 200 வளிமண்டல அழுத்தத்தில் எரிகிறது. வெடித்தால் ஜன்னலைத் திறந்து, அறையைவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி அங்கேயே உடையும்.

வாங்கும்போது டிவி எண்ணோடு பல்பு எண்ணையும் ஒப்பிடுங்கள். உதாரணமாக சோனியின் ஈ42ஏ10, ஈ50ஏ10 மாடல்களுக்கு எக்ஸ்.எல். 2400. கூண்டோடு ஒன்று, கூண்டில்லாமல் வெறும் பல்பு ஒன்று என இரண்டு விதமாக விற்பார்கள். வெறும் பல்பு மலிவு. ஆனால் பழைய கூண்டில் மிகச் சரியாக உட்காராவிட்டால் படத்தின் ஒரு மூலை இருண்டுபோகும். கை பழகாதவர்கள் கூண்டோடு வாங்குவதே மேல். பொருத்திய பிறகு மெனுவில் பல்பு மணிக்கணக்கைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

ஒரு பல்பு 6,000 மணி ஓடும் என்று வைத்தால், தினம் 5 மணி நேரம் பார்க்கும் வீட்டில் மூன்று வருஷம் சொச்சம். ஆனால் நம் பக்கம் அது பாதியிலேயே போவதற்குக் காரணம் கரண்ட் கட். அணைத்த பிறகும் ஃபேன் ஓரிரு நிமிடம் ஓடி பல்பைக் குளிரவைக்க வேண்டும். திடீரென்று எல்லாம் நின்றால் சூடு உள்ளேயே அடைபட்டு, கரண்ட் வந்தவுடன் சூடான பல்பை மறுபடி பற்றவைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவி லைனை அதில் சேர்த்து, இன்வெர்ட்டர் பின்னால் உள்ள சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் தள்ளுங்கள். நார்மல் பக்கம் இருந்தால் மாறும் நேரம் நீளம், அந்த இடைவெளியில் டிவி ஒருமுறை செத்துப் பிழைக்கும். சதுர அலை இன்வெர்ட்டரைவிட சைன் வேவ் நல்லது. ஃபேன் நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள்.

## அறிகுறி: வெள்ளைப் புள்ளிகள் தூவின மாதிரி (டி.எல்.பி.)

முதலில் ஒன்று இரண்டு, பிறகு பத்து, பிறகு வானத்து நட்சத்திரம். டி.எல்.பி. சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் அசைந்துகொண்டே இருக்கும். அசையாமல் ஒளி பக்கமே ஒட்டிக்கொண்டது வெள்ளைப் புள்ளி, இருட்டுப் பக்கம் ஒட்டிக்கொண்டது கறுப்புப் புள்ளி. செட்டாப் பாக்ஸை மாற்றினாலும் மெனு வந்தாலும் புள்ளி அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம், சிப் மாற்ற வேண்டும். பல மாடல்களில் 1910-6143டபிள்யூ என்ற எண். இருந்தாலும் உங்கள் சிப்பின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகே ஆர்டர் போடுங்கள். மாற்றும் வேலை கைப் பக்குவம் உள்ளவர் செய்யக்கூடியதே. ஒளிப்பெட்டியை (பல்பின் ஒளியைப் படமாக்கும் பாகம்) கழற்றி, ஹீட் சிங்க்கின் நான்கு திருகை எடுத்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, சிப்பைத் திசை மாறாமல் வைத்து, திருகுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஃபேனில் தூசி அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யாமல் மூடாதீர்கள். இந்தச் சிப்பைக் கொல்வது சூடுதான்.

## அறிகுறி: நீலத் திட்டு, மஞ்சள் கறை (எல்.சி.டி.)

கறுப்புக் காட்சியில் நீலத் திட்டும், வெள்ளைக் காட்சியில் அதே இடத்தில் மஞ்சளும் தெரிந்தால் நீல ஒளி போகும் பாதையில் உள்ள போலரைசர் (ஒளியை வடிகட்டும் படலம்) வெந்துவிட்டது. ஒளிப்பெட்டியை மொத்தமாக மாற்ற வேண்டிய பழுது. புதிது இல்லை, கழற்றிய பழையதிலும் அதே நோய் இருக்கும். இதற்குக் காசு போட வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. திட்டு மங்கலாக, உருண்டையாக, ஒரே ஒரு நிறத்தில் சின்னதாக இருந்தால் மட்டும் ஒரு நம்பிக்கை. அது பேனலில் படிந்த தூசியாக இருக்கலாம், ஊதி எடுத்துவிடலாம்.

## அறிகுறி: விசில், அரைக்கும் சத்தம் (பல்பு வகை)

போட்டவுடன் ஏறி, நிமிடங்களில் குறைந்தால் டி.எல்.பி.யின் கலர் வீல் பேரிங். சாதாரணமாக நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் கண்ணாடித் தட்டு அது. எண்ணெய் விடாதீர்கள், தெறித்துக் கண்ணாடியில் படிந்தால் நிறமே போகும். வீலை மாற்ற வேண்டும். சத்தம் ஒரே சீராக இருந்தால் ஃபேன். அது எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும் செலவு. அளவு, வோல்ட், காற்று வீசும் திசை, மூன்றாவது வயர் நான்கும் பொருந்த வேண்டும். மூன்றாவது வயரை விட்டுவிட்டால் ஃபேன் ஓடவில்லை என்று டிவி நினைத்து அணைந்துவிடும்.

## அறிகுறி: போட்டுச் சில நிமிடத்தில் தானே அணைகிறது

காற்றுத்துளை அடைப்பு, ஃபேன் நின்றது, அதன்பிறகே போர்டு. பின்பக்க வலையை வாக்குவம் கொண்டு இழுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். டியூப் வகையில் போட்ட இரண்டாவது விநாடியே அணைந்தால் அது வேறு, பாதுகாப்புச் சர்க்கிட் வெட்டுகிறது. மறுபடி மறுபடி சுவிட்சைப் போட்டு சோதிக்காதீர்கள்.

## அறிகுறி: உயிரே இல்லை

பிளக் பாயின்டில் வேறு எதையாவது மாட்டிப் பாருங்கள். ஸ்டெபிலைசரைத் தவிர்த்து நேராகப் போட்டுப் பாருங்கள். ஸ்டெபிலைசர் செத்து டிவி செத்ததாகப் பெயர் வாங்குவது அடிக்கடி நடக்கிறது. பிறகு மெயின் ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸ் உள்ளே கறுத்து மை பூசின மாதிரி இருந்தால் ஷார்ட். வெறும் கம்பி மட்டும் அறுந்திருந்தால் வோல்ட் ஏறி இறங்கியதாக இருக்கலாம். அதே ஆம்பியர் ஃப்யூஸ் மட்டும் போடுங்கள், செம்புக் கம்பி சுற்றாதீர்கள்.

மெக்கானிக் முதலில் சீரிஸ் பல்பில், அதாவது டிவிக்குப் போகும் கரண்ட் ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும்படி, போட்டுப் பார்ப்பார். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சப்ளை நலம். முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட். இப்படிச் சோதிக்காமல் ஃப்யூஸை மாற்றி மாற்றி வைப்பவரிடம் டிவியைக் கொடுக்காதீர்கள். திறந்ததும் அவர் தேடும் முதல் பொருள் பல்லி. சூட்டுக்கு வந்து பவர் சப்ளையில் குறுக்கே கிடந்து, தன்னையும் போர்டையும் சேர்த்து எரித்திருக்கும். அடுத்து தலை உப்பிய கண்டன்சர்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு டிவி ஓடும், ஆனால் எச்.டி.எம்.ஐ. வழியாகப் படம் வராது என்றால் அந்தப் போர்ட்டை மட்டும் மின்னல் எடுத்துக்கொண்டது. அடுத்த எச்.டி.எம்.ஐ., அல்லது காம்போனன்ட் வழியாக ஓட்டலாம். போர்டை மாற்றத் தேவையில்லை. மின்னல் பவர் பிளக் வழியாக மட்டும் அல்ல, டிஷ் வயர் வழியாகவும், தூணில் தொங்கி வரும் கேபிள் வயர் வழியாகவும் உள்ளே வருகிறது. இடி கேட்டதும் பிளக்கோடு சேர்த்து அந்த வயரையும் கழற்றிவிடுங்கள்.

## அறிகுறி: சானல் லோகோ திரையில் தங்கிவிட்டது (டியூப் வகை)

கழுவிப் போகாது. டியூப் பாஸ்பர் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. நியூஸ் சானலின் ஓடும் பட்டை, லோகோ, 4:3 படத்தின் பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை மூன்றும் இதைச் செய்யும். கான்ட்ராஸ்ட்டைப் பாதிக்குக் கீழே இறக்கி, படத்தைத் திரை நிறைய விரித்துப் பார்த்தால் மேலும் பரவாமல் நிற்கும். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக முழுதாக ஏற்றிவைத்த கான்ட்ராஸ்ட்டை வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் தொடவில்லை என்றால் இந்தப் பழுது சீக்கிரம் வரும்.

## எதற்குச் செலவழிக்கலாம்

கன்வர்ஜென்ஸ் ஐ.சி., ரெசிஸ்டர், ட்ரை சோல்டர், ஃபேன், பல்பு, டி.எல்.பி. சிப்: செய்யுங்கள். பேலஸ்ட், கலர் வீல், ஃபோகஸ் பிளாக், கூலன்ட்: பாகம் கையில் கிடைத்த பிறகே டிவியைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்து போட்டுவிட்டுப் பாகம் தேடினால் திருகும் தொலையும், வயர் மாட்டும் இடமும் மறந்துபோகும். டியூப் தேய்வு, எல்.சி.டி. ஒளிப்பெட்டி: விட்டுவிடுங்கள். அப்படி விட்ட டிவியிலும் ஃபிரெனல் ஷீட், நல்ல லென்ஸ், எஸ்.டி.கே. ஐ.சி., ஃபேன் எல்லாம் இன்னொரு வீட்டு டிவிக்கு உதவும். ஆக்கர்காரரிடம் எடைக்குப் போடும் முன் பக்கத்து ஊர் மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்கள். ஃபிரெனல் ஷீட்டை வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உச்சிவெயிலில் அது பெரிய பூதக்கண்ணாடி, எதிரே இருப்பது ஓலையானாலும் விறகானாலும் பற்றிக்கொள்ளும்.